கல்வெட்டுகளைப் படமெடுக்கக் கம்பியில்லாத் தூண்டி

நம் நாட்டில் பாறைகளிலும் கோயிற் சுவர்களிலும் நடுகற்களிலும் பொறிக்கப்பட்டுள்ள சாசனங்கள் பல்லாயிரம். அவற்றுள் பல வெயிலாலும் மழையாலும் தேய்ந்து வருகின்றன. சில, சாலையை அகலப்படுத்தும்போதும் கோயில் திருப்பணியின்போதும் உடைந்தோ சுண்ணாம்புப் பூச்சில் மறைந்தோ போகின்றன. கல்வெட்டறிஞர் வந்து மைப்படி எடுக்கும் வரையில் ஒரு கல் அதே நிலையில் இருக்கும் என்று நம்புவதற்கில்லை. ஆகவே, அதனை முதன்முதலிற் காண்பவர் எடுக்கும் புகைப்படமே சில வேளைகளில் அந்தச் சாசனத்துக்கு எஞ்சும் ஒரே சான்றாகிவிடக்கூடும்.

அவ்வாறு முதலிற் காண்பவர் பெரும்பாலும் தொல்பொருள் துறையைச் சேர்ந்தவர் அல்லர். அசோகனுடைய சாசனங்களில் அவன் பெயரையே குறிப்பிடுவதாக முதன்முதலில் அறியப்பட்டது மாஸ்கிச் சாசனம் ஆகும். இது இன்றைய கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்தில் உள்ளது. 1915-ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்தவர் பீடன் என்னும் தங்கச் சுரங்கப் பொறியாளர். இன்றும் நில அளவை ஊழியர், வன ஊழியர், விரிவாக்க அலுவலர், கிராமப் பள்ளி ஆசிரியர் ஆகியோரே இத்தகைய கற்களை முதலிற் காணும் வாய்ப்புள்ளவர்கள். அவர்களிடம் காமிரா இருக்கிறது. ஆனால் எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி படமெடுக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததன்று. அம்முறையையும், அதற்கு வேண்டிய விலை குறைந்த ஒரு கருவியையும் இப்பாடம் விளக்குகிறது.

நேரொளியும் பக்கவொளியும்

கல்லில் வெட்டப்பட்ட எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது. பள்ளமும் மேடும் ஒரே கல்லே. பள்ளத்தின் விளிம்பு பள்ளத்துக்குள் வீழ்த்தும் நிழலைக் கொண்டே எழுத்தை நாம் அறிகிறோம். காமிராவின் தலையில் பொருத்திய பிளாஷ் விளக்கு, லென்ஸ் நோக்கும் திசையிலேயே ஒளியைச் செலுத்துகிறது. அப்போது உண்டாகும் நிழல்கள் லென்ஸின் பார்வைக்குத் தென்படாதவாறு பொருளுக்குப் பின்னேயே மறைந்துவிடுகின்றன. ஆதலின் படம் பளிச்சென்று அமைந்தாலும் எழுத்து மறைந்துபோகிறது. மாலை வெயில் சாய்வாக விழும் வேளையில் அதே கல்லின் எழுத்துகள் தாமாகவே எழுந்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர்.

ஒரு கணக்கால் இதனைத் தெளியலாம். எழுத்தின் கோடு 8 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் ஆழமும் உடையது எனக் கொள்வோம். கல்லின் பரப்புக்கு 45 பாகைச் சாய்வில் ஒளி விழுந்தால் நிழலின் நீளம் 2 மில்லிமீட்டர். அதாவது கோட்டில் கால் பங்கே கருக்கும். ஒளி 15 பாகையில் விழுந்தால் நிழல் ஏறத்தாழ 7.5 மில்லிமீட்டர் நீளும். கோடு முழுவதும் கருத்துத் தோன்றும். 10 பாகைக்குக் கீழே சென்றால் கல்லின் இயற்கையான சொரசொரப்பும் நிழல் வீழ்த்தத் தொடங்கி எழுத்துடன் கலந்துவிடும். ஆகவே, 10 முதல் 20 பாகை வரையிலான சாய்வே பெரும்பாலான கற்களுக்கு ஏற்றது.

எனவே, விளக்கைக் காமிராவிலிருந்து பிரித்துக் கல்லின் பக்கவாட்டில் வைக்க வேண்டும். பிரித்த விளக்கு, காமிராவின் ஷட்டர் திறந்திருக்கும் அந்தக் கணத்திலேயே எரியவும் வேண்டும். கம்பியில்லாத் தூண்டி செய்யும் வேலை இதுவே.

தூண்டி இயங்கும் விதம்

தொலைவிலிருந்து ரேடியோ அலையால் ஒரு செயலைத் தூண்டுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1895-ஆம் ஆண்டளவில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைத் தீப்பற்றச் செய்தும் காட்டினார். ‘டிரிக்கர்’ என்று கடைகளில் வழங்கும் இக்கருவியின் அடிப்படையும் அதுவே.

இது இரண்டு உறுப்புகளைக் கொண்டது. அனுப்பி என்பது காமிராவின் மேலுள்ள பிளாஷ் பொருத்தும் தவாளிப்பில் செருகப்படும். வாங்கி என்பது விளக்கின் அடியில் பொருத்தப்படும். ஷட்டர் முழுவதும் திறந்ததும் காமிரா தன் தவாளிப்பின் நடுமுனையில் ஒரு மின்தொடர்பை ஏற்படுத்துகிறது. உடனே அனுப்பி குறியீடு கொண்ட ஒரு ரேடியோத் துடிப்பை வெளியிடுகிறது. வாங்கி அதனை உணர்ந்து விளக்கின் தூண்டுமுனைகளை இணைக்கிறது. மின்தேக்கியில் சேர்ந்திருக்கும் மின்சாரம் ஸினான் வாயுக் குழாய் வழியே பாய்ந்து ஒளிர்கிறது. விளக்கின் ஒளி நீடிக்கும் காலம் ஏறத்தாழ ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ ஆகும்.

அகச்சிவப்புக் கதிராலோ மற்றொரு விளக்கின் ஒளியாலோ தூண்டும் முறைகளும் உண்டு. அவற்றில் வாங்கி அந்த ஒளியைக் காண வேண்டும். வெட்டவெளியில் வெயில் மிகும்போது அவை தவறிவிடும். ரேடியோ அலைக்கு இத்தடை இல்லை. விளக்கைக் கல்லின் ஓரத்திலோ தூணின் மறைவிலோ வைத்தாலும் அது எரியும்.

இத்தகைய கருவிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. இவ்வரிசையில் குறைந்த ஆற்றலுள்ள சாதனங்களைப் பயன்படுத்துவதற்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அரசு உரிம விலக்கு அளித்துள்ளது. வாங்கும்போது இவ்வலைவரிசைக் கருவியையே கேட்டு வாங்குதல் நலம்.

விலை குறைந்த தூண்டிகள் எரியூட்டும் வேலையை மட்டுமே செய்கின்றன. விலை உயர்ந்தவை காமிராவின் ஒளியளவுக் கணக்கையும் விளக்குக்குத் தெரிவித்து, ஒளியைத் தாமே கூட்டிக் குறைக்கும். கல்வெட்டு அசையாப் பொருளாதலின் அந்த வசதி இங்கு வேண்டுவதில்லை. ஒருமுறை அளவைக் கையால் அமைத்துவிட்டால் எல்லாப் படங்களுக்கும் அதே அளவு நிலைத்திருக்கும். தொடர்படங்களை ஒப்பிட்டுப் படிப்பதற்கு இந்நிலைத்தன்மை இன்றியமையாதது. அதுபோலவே விளக்கும் கையால் அளவு மாற்றத்தக்க எளிய விளக்காக இருந்தால் போதும்.

காமிராவை அமைத்தல்

காமிரா, விளக்கு இரண்டையும் கையியக்க முறையில் வைக்க வேண்டும். முதலில் ஷட்டர் வேகம். பெரும்பாலான காமிராக்களில் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி ஒளியை விடுகின்றன. வினாடியில் 200-இல் அல்லது 250-இல் ஒரு பங்கைவிட வேகம் மிகுந்தால், முதல் திரை முழுவதும் விலகுமுன் இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடும். அப்போது படத்தின் ஓரத்தில் கரும்பட்டை ஒன்று தோன்றும். மலிவான தூண்டி செய்தியைச் சற்றே தாமதித்துச் சேர்ப்பதால், வினாடியில் 125-இல் ஒரு பங்கு என்னும் வேகத்தில் தொடங்குவது பாதுகாப்பானது.

அடுத்து லென்ஸ் துவாரம். ஒவ்வொரு விளக்குக்கும் ‘வழிகாட்டி எண்’ ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அதனை மீட்டர்க் கணக்கிலுள்ள தூரத்தால் வகுத்தால் ஐ.எஸ்.ஓ. 100-இல் வைக்க வேண்டிய துவார எண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, எண் 32 ஆகவும் தூரம் 1.5 மீட்டராகவும் இருந்தால் விடை ஏறத்தாழ 21. ஆனால் இக்கணக்கு, ஒளி நேராக விழுவதற்கே பொருந்தும். 15 பாகைச் சாய்வில் விழும் ஒளி அதே அளவு தொலைவில் நான்கு மடங்கு பரப்பில் பரவுவதால், கல்லின் ஒவ்வொரு பகுதிக்கும் கால் பங்கே கிடைக்கிறது. ஆதலின் துவாரத்தை இரண்டு படிகள் திறந்து எஃப்-11 என வைக்க வேண்டும். பக்கவொளிப் படங்கள் இருண்டு போவதற்கு இதனை மறப்பதே பெரும்பாலும் காரணம். மேலும், பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட எண் ஒளிக்கற்றையை மிகக் குவித்த நிலைக்கு உரியதாக இருத்தல் கூடும். ஆகவே கணக்கைத் தொடக்கமாகக் கொண்டு, முதற்படத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்க.

மூன்றாவது, பகல் வெளிச்சம். ஐ.எஸ்.ஓ. 100, வினாடியில் 125-இல் ஒரு பங்கு என்னும் அமைப்பில் நேர்வெயிலுக்கு எஃப்-16 பொருத்தமான துவாரம். திறந்தவெளி நிழலுக்கு எஃப்-5.6. எஃப்-11 வைத்து நேர்வெயிலில் எடுத்தால் வெயிலே படத்தை வெளுக்கச் செய்துவிடும், விளக்கினாற் பயனில்லை. நிழலில் எடுத்தால் சூழ்வெளிச்சம் கால் பங்களவே சேரும். கருங்குடையோ தடித்த கம்பளியோ பிடித்து மேலும் மறைத்தால் அதுவும் குறையும். எனவே பகலில் சுமார் அரை மீட்டர் அகலமுள்ள பகுதியைப் பகுதி பகுதியாக எடுக்கலாம்.

பெரிய கல்லாயின் வேறொரு இடர் உண்டு. ஒளியின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைகிறது. ஒரு மீட்டர் அகலமுள்ள கல்லின் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விளக்கை வைத்தால், அப்புறத்து ஓரத்துக்கு இப்புறத்தின் கால் பங்கு ஒளியே சென்று சேரும். விளக்கை மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் பாதிக்கு மேல் சேரும். ஆனால் அத்தொலைவில் ஒளி மெலிவதால் ஐ.எஸ்.ஓ. எண்ணை 400-க்கு உயர்த்தித் துவாரத்தையும் சற்றுத் திறக்க வேண்டிவரும். அப்போது பகல் வெளிச்சம் விளக்கை மிஞ்சிவிடும். ஆகவே பெரிய கற்களைச் சூரியன் மறைந்த பின்னரே எடுக்க வேண்டும்.

ஒரு படம் போதாது

பக்கவொளிக்கும் ஒரு குறை உண்டு. ஒளி செல்லும் திசைக்கு இணையாக ஓடும் கோட்டில் நிழல் விழாது. ஆதலின் அக்கோடு படத்தில் மறைந்துவிடும். அசோகர் காலப் பிராமியில் ‘க’ என்னும் எழுத்து கூட்டற்குறி வடிவுடையது. ‘ர’ என்பது செங்குத்தான ஒற்றைக் கோடு. இடப்புறத்திலிருந்து மட்டும் ஒளி செலுத்தினால் ‘க’-வின் குறுக்குக்கோடு மங்கி, எழுத்து ‘ர’ போலத் தோன்றும். தலைகீழான ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தை ஒத்த ‘ந’-வும் தன் அடிக்கோட்டை இழந்து அவ்வாறே தோன்றும். ஒரே படத்தை நம்பிப் படிப்பவர் ஓர் ஊரின் பெயரையோ அரசன் பெயரையோ பிழையாகக் கொள்ளக்கூடும்.

தேய்ந்த சாசனங்களில் இப்பிழைக்கு இடம் மிகுதி. புவனேசுவரத்தை அடுத்த உதயகிரியில் உள்ள ஹாத்திகும்பாச் சாசனம் கலிங்க மன்னன் காரவேலனுடைய செயல்களை 17 வரிகளிற் கூறுவது. அதன் பல பகுதிகள் சிதைந்துள்ளன. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப்பும், 1885-இல் பகவான்லால் இந்திரஜியும், அவர்களுக்குப் பின் வேறு அறிஞர்களும் அதனைப் படித்து வெளியிட்டனர். எனினும் பல சொற்களைப் பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை நிலவுகிறது. கல் தேயத் தேய, ஒவ்வொரு கோட்டுக்கும் சான்று தேட வேண்டிய நிலை உண்டாகிறது என்பதற்கு இச்சாசனமே தக்க எடுத்துக்காட்டு.

இதற்குப் பரிகாரம், காமிராவை அசைக்காமல் விளக்கை மட்டும் கல்லைச் சுற்றி நகர்த்தித் தொடர்படங்கள் எடுப்பதாகும். கடிகார முகத்தைப்போலக் கல்லைக் கருதி 12, 3, 6, 9 மணி நிலைகளில் நான்கு படங்களும், இடைப்பட்ட திசைகளில் நான்கு படங்களுமாக எட்டுப் படங்கள் எடுத்தால், எந்தக் கோடும் ஏதேனும் ஒரு படத்தில் நிழல் பெறும். கம்பியால் இணைத்த விளக்கைக் கொண்டும் இதனைச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கம்பி கல்லின் குறுக்கே விழுவதும், இழுபட்டுக் காமிரா அசைவதும் நேரும். தூண்டி இத்தொல்லையை நீக்குகிறது.

வேலை செய்யும் வரிசை

முதலாவது, கல் இருக்கும் இடம் முழுவதும் தெரியுமாறு பொதுப்படம் ஒன்று எடுக்க. பின்னர் காமிராவைக் கல்லுக்கு நேர்செங்குத்தாக நிறுத்துக. முக்காலி இல்லாவிடின் செங்கல் அடுக்கின் மேல் மணற்பை வைத்து அதன்மேல் இருத்தலாம். கல்லின் ஓரத்தில் அளவுகோலும், ஊர், இடம், தேதி எழுதிய சீட்டும் எழுத்தை மறைக்காதவாறு இருக்கட்டும். குவியத்தை ஒருமுறை சரிசெய்தபின் தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிடுக.

இரண்டாவது, 1.5 மீட்டர் நீளமுள்ள நூலொன்றை விளக்குடன் கட்டுக. உதவியாளர் விளக்கைப் பிடிக்க, மற்றொருவர் நூலின் மறுமுனையைக் கல்லின் நடுப்பகுதிக்கு அருகே, கல்லைத் தொடாமல் பிடித்துத் தூரத்தை நிர்ணயிக்கலாம். தூரத்தில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர், கல்லின் பரப்பிலிருந்து விளக்கை உயர்த்தினால் வேண்டிய சாய்வு கோணமானி இன்றியே கிடைத்துவிடும். நூலை விலக்கிய பின் படமெடுக்க.

மூன்றாவது, 12 மணி நிலையிலிருந்து வலமாகச் சென்று, ஒவ்வொரு படத்திற்கும் ஒளியின் திசையைக் குறிப்பேட்டில் எழுதுக. கீழிருந்து ஒளி பெற்ற படத்தில் பள்ளமான எழுத்து மேடாகத் தோன்றும் மயக்கம் உண்டு; ஒளி மேலிருந்தே வரும் என்று கண் கொள்வதே இதற்குக் காரணம். திசை குறிக்கப்படாத படம் படிப்பவரைத் தடுமாறச் செய்யும். இறுதியாக, விளக்கை அணைத்து, இயற்கை வெளிச்சத்துக்கேற்ப அளவை மாற்றி ஒரு படம் எடுத்துக்கொள்க. கல்லின் நிறமும் கறையும் அதில் தெரியும்.

இவ்வாறு 30 முதல் 60 வரை படங்கள் எடுத்தால், கணிப்பொறியின் உதவியால் அவற்றை ஒன்றிணைத்து, திரையில் ஒளியை வேண்டிய திசைக்குத் திருப்பிப் படிக்கவும் இயலும். இம்முறையை 2001-ஆம் ஆண்டில் டாம் மால்ஸ்பெண்டர் என்பாரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். ஒளித்திசையைக் கணிப்பொறி அறியும் பொருட்டு, பளபளப்பான கரிய உருண்டை ஒன்று படத்தின் ஓரத்தில் தெரியுமாறு வைக்கப்படும். எட்டுப் படங்கள் மட்டும் எடுப்பவரும் அவ்வுருண்டையை வைத்தால் ஒளி வந்த திசை படத்திலேயே பதிந்துவிடும்.

எச்சரிக்கைகள்

எழுத்துத் தெளிவதற்காகச் சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் முதலியவற்றை எழுத்தில் தடவுவதும், பாசியைச் சுரண்டுவதும் கூடா. தடவுபவர் கோடென்று நினைத்த இடத்தில்தான் சுண்ணம் ஏறும்; அது படிப்பவரைத் தவறான வழியிற் செலுத்தும்; கல்லும் கெடும். கல்லைத் தொடாமலே எழுத்தைக் காட்டுவது பக்கவொளியின் தலையாய நன்மை.

மத்திய, மாநிலத் தொல்பொருள் துறைகளின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலியும் விளக்கும் பயன்படுத்துவதற்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அஜந்தா போன்ற ஓவியக் குகைகளில் பிளாஷ் ஒளி தடைசெய்யப்பட்டுள்ளது. வௌவால் தங்கும் குகையிலும், மலைத்தேன் கூடுகள் உள்ள பாறையிலும் இவ்விளக்கை எரித்தல் ஆகாது.

மிகப் பழைய பிளாஷ் விளக்குகள் சிலவற்றின் தூண்டுமுனையில் 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். அவற்றை இணைத்தால் தூண்டி பழுதாகும். எந்த விளக்கையும் திறந்து பார்க்கலாகாது. அணைத்த பின்னரும் மின்தேக்கியில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். விளக்கு எரியாமற் போனால் முதலில் வாங்கியின் மின்கலத்தையும், இரு உறுப்புகளும் ஒரே வரிசை எண்ணில் உள்ளனவா என்பதையும் பார்க்க. சில காமிராக்களின் தவாளிப்பில் நடுமுனையே இராது. அவற்றில் எளிய தூண்டிகள் இயங்கா. தூண்டியை வாங்குமுன் இதனைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிகளில் செய்து பார்க்க

கைப்பேசிக் காமிராவுடன் இத்தூண்டி பயன்படாது; அதன் உணர்தகடு படத்தை வரிவரியாகப் பதிவதால், கணப்பொழுது ஒளி அதில் ஒரு பட்டையாக மட்டுமே விழும். ஆனால் தொடர்ந்து எரியும் டார்ச் விளக்கைக் கொண்டு இருட்டறையில் இதே முறையைக் கையாளலாம். ஈரக் களிமண்ணைப் பலகைபோல் தட்டி, ஆணியால் கூட்டற்குறி ஒன்றும் செங்குத்துக்கோடு ஒன்றும் கீறி, நிழலில் உலர்த்துக. கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் அசையாமல் வைத்து, டார்ச் விளக்கை முதலில் இடப்புறத்திலும் பின்னர் மேற்புறத்திலும் தாழப் பிடித்து இரண்டு படங்கள் எடுக்கச் செய்க. முதற்படத்தில் இரு குறிகளும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றுவதையும், இரண்டாவதில் கூட்டற்குறியின் குறுக்குக்கோடு வெளிப்படுவதையும் மாணவர்கள் தாமே காண்பர். நாணயம், இலை நரம்பு, தொல்லுயிர்ப் படிவம் ஆகியவற்றிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

பயின்ற மாணவர்கள் தங்கள் ஊரில் எழுத்துள்ள கல்லைக் கண்டால் அதனைத் தொடாமலும் நகர்த்தாமலும் ஆசிரியரிடம் தெரிவிக்கப் பழக்குதல் வேண்டும். ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் எடுத்த எட்டுப் படங்களையும், ஒளித்திசைக் குறிப்பையும், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை அளவையும் ஒன்றாகச் சேர்த்து, மாநிலத் தொல்பொருள் துறைக்கோ, மைசூரிலுள்ள இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்கோ அனுப்பலாம். அனுப்பும்போது படங்களைச் சுருக்காமலும் திருத்தாமலும், காமிராவில் பதிவானவாறே அனுப்புதல் வேண்டும்.